நோட்டீசில் விடுபட்ட வரி

2024 நவம்பர் 14 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவின் கதை இது. தண்ணீர், காணி, கடல், சாதி ஆகிய நான்கையும் ஒரே மூச்சில் பேசி வாக்குக் கேட்டார்கள். குழுவின் இலக்கத்தையும் ஆட்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. தோற்றவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருக்கிறார்கள், அதே சந்தையில்தான் மரக்கறி வாங்குகிறார்கள். நானும் வெளியே நின்று பார்த்தவன் இல்லை. செலவுக் கொப்பி என்னிடம் இருந்தது. முதன்மை வேட்பாளரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு திரிந்ததும் பெரும்பாலும் நான்தான். என் பார்வை எந்தப் பக்கம் சாயும் என்பதை வாசிப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு விழுந்த வாக்கை எழுத நான்கு இலக்கம்கூடத் தேவைப்படவில்லை. "சனத்துக்குச் சூழலைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை" என்று குழுவில் சிலர் அன்றிரவே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஐந்து கிழமையாக நாங்கள் ஏறி இறங்கிய வீடுகளில் தண்ணீரைப் பற்றிப் பேசாத வீடு ஒன்றுகூட இருக்கவில்லை. பேசவேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டது நாங்கள்.

பதினேழு நாளில் ஒரு பட்டியல்

செப்ரெம்பர் 21இல் ஜனாதிபதித் தேர்தல். 24ஆம் திகதி இரவு பாராளுமன்றம் கலைந்தது. வேட்புமனு ஒக்டோபர் 4இல் தொடங்கி 11ஆம் திகதி நண்பகலோடு முடிவு. பெரிய கட்சிகளுக்கே மூச்சு முட்டிய அவகாசம் இது. எங்களிடம் அப்போது இருந்தது ஒரு வாசிகசாலையின் பின் அறையும், சில வருடங்களாகச் சந்தித்துப் பேசிவந்த பதினைந்து இருபது பேரும்.

யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2020இல் ஏழு ஆசனம் இருந்தது. 2024இல் ஆறு. ஆசனத்தோடு மூன்றைக் கூட்டி ஒன்பது பேரின் பெயரைப் பட்டியலில் போடவேண்டும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குக் கட்டுப்பணம் கிடையாது. சுயேச்சைக் குழு என்றால் ஆளுக்கு 2,000 ரூபா, ஆக 18,000 ரூபா. அந்தப் பணத்தைச் சேர்ப்பது பெரிய வேலையாக இருக்கவில்லை. ஒன்பது பேரின் சொத்து விபரம், தனிநாட்டை ஆதரிக்கமாட்டோம் என்று 1983இன் ஆறாம் திருத்தத்தின்படி ஒவ்வொருவரும் ஒப்பமிடவேண்டிய சத்தியக் கடதாசி, சமாதான நீதவானின் முத்திரை என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பதில்தான் நாள் போனது. ஒரு கடதாசி குறைந்தாலும் பட்டியல் முழுதும் போய்விடும் என்ற பயத்தில், ரீச்சர் ஒவ்வொரு தாளையும் பரீட்சை வினாத்தாள் மாதிரி இரண்டு தடவை பார்த்தார்.

ரீச்சர் என்பது எங்கள் முதன்மை வேட்பாளர். உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து இளைப்பாறியவர். 2014, 2015இல் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது என்று ஊர் கொந்தளித்தபோது, மாணவர்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைச் சோடாப் போத்தலில் அடைத்து இவரிடம் கொண்டுவந்தார்கள். அன்று தொடங்கியது இவருடைய அரசியல்.

மற்ற எட்டுப் பேரில் இரண்டு பேரைப் பற்றி மட்டும் சொன்னால் போதும். ஒருவர் வடமராட்சி கிழக்குக் கடற்றொழிலாளி. எல்லாரும் அவரைச் சம்மாட்டி என்போம். ஒரேயொரு படகு வைத்திருப்பவருக்கு அது கொஞ்சம் பெரிய பட்டம்தான், அவரும் மறுப்பதில்லை. மற்றவர் கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விதைக்கும் கமக்காரர். அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம்.

ஒக்டோபர் 11 மத்தியானம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பட்டியல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. வெளியே வந்தபோது தெரிந்த கணக்கு: 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள், 6 ஆசனம்.

ஒரு தேர்தல் மாவட்டம், மூன்று விதமான தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஆறு, மற்ற நாளில் பள்ளம். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் நிலத்தடி நீரை நம்பித்தான். ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கி, அடியில் கிடக்கும் உப்புநீரின் மேல் வில்லை மாதிரி மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் இதைக் கண்ணால் காணலாம்: மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர். மேலே உள்ளதை அளவுக்கு மீறி இறைத்தால் கீழே உள்ளது ஏறிவரும். சுண்ணக்கல் எதையும் வடிகட்டாது என்பது அடுத்த சிக்கல். தோட்டத்தில் போடும் யூரியாவும் வளவுக்குள் இருக்கும் மலசலகூடக் குழியும் அதே வெடிப்புகளுக்குள்ளால் அதே தண்ணீருக்குத்தான் போகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களை ஒட்டிய கிணறுகள் பலவற்றில் அந்த அளவு மீறப்பட்டிருப்பதை ஆய்வுகள் பல தடவை சொல்லிவிட்டன.

அப்படியானால் வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். எங்கிருந்து? 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு தொடங்கிய திட்டத்தின்படி இரணைமடுவிலிருந்து. கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். சிறுபோகத்துக்கே குளத்தில் தண்ணீர் போதாமல் பங்குபோட்டு விதைப்பவர்கள் அவர்கள். எதிர்ப்பு வலுத்து, இரணைமடு கைவிடப்பட்டு, வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் கட்டப்பட்டது. நாளுக்கு 24,000 கனமீற்றர். 2024 ஓகஸ்டில், தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னர், திறப்புவிழா. ஆனால் உப்பைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கடும் உவர்நீர் மீண்டும் கடலுக்குத்தான் போகிறது. அந்தக் கரையில் வலை போடுகிறவர்களுக்கு அது கவலை.

இப்போது எங்கள் பட்டியலைப் பாருங்கள். குழாய்த் தண்ணீருக்கு ஏங்கும் வலிகாமத்து ரீச்சர். இரணைமடுவில் கை வைக்கக்கூடாது என்னும் கிளிநொச்சி அண்ணை. தாளையடியை நினைத்துப் பொருமும் சம்மாட்டி. யாழ்ப்பாண நிர்வாக மாவட்டமும் கிளிநொச்சி நிர்வாக மாவட்டமும் சேர்ந்ததே யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். தண்ணீர் கேட்பவனும் தரமறுப்பவனும் ஒரே வாக்குச்சீட்டில்தான் புள்ளடி போடுகிறார்கள். வேறு எந்த மாவட்டத்திலும் இவ்வளவு கச்சிதமாக ஒரு சண்டை ஒரே பெட்டிக்குள் விழுமா தெரியவில்லை.

நோட்டீஸ் அடிக்கும் நாள் வந்தது. ரீச்சர் எழுதிக்கொண்டு வந்த முதல் வரைவில் மூன்றாவது பந்தி இப்படி: "மாரியில் இரணைமடு நிரம்பி வழியும் நீரில் ஒரு பங்கைக் குடிநீருக்குப் பெறுவது பற்றிக் கமக்கார அமைப்புகளோடு பேசி முடிவெடுப்போம். கோடையில் குளத்து நீரைத் தொடமாட்டோம்."

அண்ணை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ரீச்சர், இரணைமடு எண்ட சொல் இதில இருந்தா என்ர பேரை வெட்டுங்கோ."

"அண்ணை, கோடையில தொடமாட்டம் எண்டுதானே எழுதியிருக்கிறன்."

"அதை ஆர் வாசிக்கிறது? 'இரணைமடு', 'பெறுவது', ரெண்டு சொல்லும் கண்ணில பட்டாக் காணும். நான் வயலுக்குப் போகேலாது."

சம்மாட்டி உடனே, அப்படியென்றால் தாளையடியைப் பற்றியும் எழுதவேண்டாம் என்றார். அங்கே அவருடைய மருமகனுக்கு வேலை கிடைத்திருக்கிறதாம், அதனால் ஆதரிக்கவும் ஏலாது எதிர்க்கவும் ஏலாது. அறையில் இருந்தவர்கள் சிரித்தோம். சிரித்திருக்கக்கூடாது. அவர் எங்கள் எல்லாரையும்விட வெளிப்படையாகப் பேசியிருந்தார்.

பட்டியல் கையளித்தாயிற்று, ஆளை மாற்ற ஏலாது. ஒருவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கினால் கிளிநொச்சியில் எங்களுக்கு முகமே இல்லை. இரவு பதினொரு மணிக்கு அந்தப் பந்தி போய், அதன் இடத்தில் "அனைவருக்கும் சுத்தமான குடிநீர்" என்ற வரி ஏறியது. அச்சகத்துக்கு அதைக் கொண்டுபோனவன் நான். மறுநாள் அதே அச்சகத்தில் வேறு இரண்டு பட்டியல்களின் நோட்டீசைக் கண்டேன். இரண்டிலும் அதே வரி இருந்தது.

என் பார்வையில் குழு தோற்றது அந்த இரவில்தான். எங்களிடம் இருந்த ஒரேயொரு சரக்கு, கஷ்டமான கேள்விக்கு நேர்மையாக ஒரு பதில் சொல்லலாம் என்பது. அதை நாங்களே எடுத்து வெளியே வைத்துவிட்டோம். அதன் பிறகு கிளிநொச்சியில் "நீங்கள் யாழ்ப்பாணத்து ஆக்கள்தானே, உள்ளுக்கு என்ன வச்சிருக்கிறியள்?" என்றார்கள். வலிகாமத்தில் "இரணைமடுத் தண்ணி வருமோ வராதோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்றார்கள். இரண்டு இடத்திலும் ரீச்சர் சுண்ணக்கல்லின் அமைப்பை விளக்கினார். அவருக்கு நன்றாகத் தெரிந்த விடயம் அது. பாவம், கேட்ட கேள்வி வேறு.

தோட்டத்தில் 2021

கோப்பாய்ப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டம். மாலை நாலரை இருக்கும். தோட்டக்காரர் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டியை வைக்காமலே பேசினார். ரீச்சர் நைத்திரேற்றைப் பற்றிச் சொன்னார், கைக்குழந்தைகளுக்கு அதனால் வரும் ஆபத்தைச் சொன்னார், யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் என்றார். அந்தச் சொல் விழுந்ததும் மண்வெட்டி நின்றது.

"கோத்தாவும் உதைத்தானே சொன்னவர்."

2021இல் இரசாயன உரத்தை ஒரே இரவில் தடைசெய்து, ஆறேழு மாதத்தில் அதை விலக்கியது ஜனாதிபதி கோத்தாபய ராஜபக்சவின் அரசு. அந்தப் போகத்தில் நட்டப்பட்டவர்களுக்கு "இயற்கை", "சேதனப் பசளை" என்ற சொற்களே கசப்பாகிவிட்டன. சூழல் பேசும் எவரும் இந்தச் சுமையோடுதான் ஒரு தோட்டத்துக்குள் கால் வைக்கவேண்டும். நாங்கள் அதை எதிர்பார்க்கவில்லை என்பது எங்கள் மடத்தனம். மூன்று வருடம்தான் ஆகியிருந்தது.

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. போகும்போது ரீச்சருக்கு ஒரு பை பீர்க்கங்காய் கொடுத்தார். "ரீச்சர், நான் உரத்தைக் குறைக்கிறன். விளைச்சல் குறைஞ்சா நகை அடைவில இருக்கிறதை ஆர் மீட்கிறது? அதை எழுதிக்கொண்டு வாங்கோ, வோட்டுப் போடுறன்" என்றார். நான் கொப்பியில் குறித்துவைத்தேன். குழுவில் பேசினோமா? இல்லை. அடுத்த நாள் வேறு ஊர், வேறு கூட்டம்.

இங்கே ஒன்றைச் சேர்க்கவேண்டும். நாங்கள் போன இடமெல்லாம் ஆட்கள் வடிகால், தெருவிளக்கு, குப்பை பற்றித்தான் கேட்டார்கள். பாராளுமன்றத்துக்கும் வடிகால் கானுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் இளையவர்கள் சலித்துக்கொண்டார்கள். சனத்தின் பக்கம் நியாயம் இருந்தது. பிரதேச சபைகளின் காலம் 2023 மார்ச்சோடு முடிந்து, 2025 மே வரை தேர்தல் இல்லை. வடக்கு மாகாண சபை 2018 ஒக்டோபரிலேயே கலைந்து போனது. தெரிவுசெய்யப்பட்ட ஆள் என்று கேட்பதற்கு வேறு எவரும் இல்லாத காலத்தில், வாசலுக்கு வந்தவரிடம் கானைப் பற்றிக் கேட்காமல் என்ன செய்வது?

சட்டமும் வழக்கும்

"ஒரு எம்.பி.யால் என்ன கிழிக்க ஏலும்?" இதையும் அடிக்கடி கேட்டார்கள். எங்களிடம் ஒரு நல்ல பதில் இருந்தது. இழுவை மடியைத் தடைசெய்யும் சட்டம் 2017 யூலையில் நிறைவேறியது, அது யாழ்ப்பாண மாவட்ட உறுப்பினர் எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை. கடலின் அடியை வழித்தெடுக்கும் ரோலர்களுக்கு எதிரான சட்டம் அரசாங்கத்தின் கையால் வராமல் எதிர்ப்பக்கத்து ஆசனத்திலிருந்து வந்தது. சம்மாட்டி இதைச் சொல்லும்போது குரல் உயரும். அதே மூச்சில் கேட்பார்: "சட்டம் வந்தது சரி, ரோலர் நிண்டதோ?" தமிழ்நாட்டு விசைப்படகுகள் வருவது நிற்கவில்லை. குருநகர்ப் பக்கம் உள்ளூரிலும் அந்தத் தொழிலை நம்பிய குடும்பங்கள் இருந்தன. சட்டத்தைக் கொண்டுவந்தவரும் 2024இல் தோற்றுப்போனார். அதற்குக் காரணங்கள் வேறு, அது வேறு கதை.

இரண்டாவது பதில் நீதிமன்றம். சுன்னாகம் எண்ணெய்க் கசிவு வழக்கில் 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா கொடுக்கவேண்டும். அந்த அடிப்படை உரிமை மனுவைப் போட்டவர் தெற்கைச் சேர்ந்த ஒரு சூழல் ஆர்வலர். சுன்னாகத்துக் கிணற்றுக்காகக் கொழும்பில் ஒரு சிங்களவர் வழக்காடியிருக்கிறார் என்று சொன்னபோது கூட்டங்களில் ஒரு அமைதி விழும். அது எதனால் என்று இன்னும் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. நன்றியாக இருக்கலாம், கூச்சமாகவும் இருக்கலாம்.

ரீச்சர் ஏன் வழக்கோடு நிற்காமல் தேர்தலுக்கு வந்தார்? நான் கேட்டிருக்கிறேன். "வழக்கு நடந்து முடிஞ்ச பாதிப்புக்கு. கிணறு பழுதாகிறதுக்கு முன்னம் கேட்கிற இடம் எது?" என்றார். அரசியலமைப்பின் 27(14) சுற்றாடலைப் பாதுகாப்பதை அரசின் கடமை என்கிறது. ஆனால் அந்த அத்தியாயத்தில் உள்ள எதையும் நேரடியாக நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது. எப்பாவல பொசுபேற்றுச் சுரங்க வழக்கில் 2000ஆம் ஆண்டு நீதிபதிகள் சமத்துவ உரிமை போன்ற அடிப்படை உரிமைகளுக்கூடாகத்தான் வழி கண்டார்கள்.

தாங்கியடி

இந்த ஆய்வை எழுதத் தொடங்கியதே இந்தக் காட்சிக்காகத்தான்.

பிரசாரத்தின் கடைசிக் கிழமை. பெயர் சொல்லாத ஒரு ஊர். ஒழுங்கையின் தொங்கலில் முப்பது நாற்பது வீடுகள். காணி ஒவ்வொன்றும் இரண்டு பரப்புக்கும் குறைவு. கிணறு வெட்ட இடமில்லை. வெட்டினாலும் பக்கத்து வீட்டு மலசலகூடக் குழி பத்தடியில். ஒழுங்கை முகப்பில் கல் அடுக்கி அதன் மேல் ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி. பவுசர் வந்து நிரப்பிவிட்டுப் போகும். நாங்கள் போனபோது குடங்கள் வரிசையில் இருந்தன, ஆட்கள் நிழலில் இருந்தார்கள். ஒரு குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல், இன்னொன்றில் உடைந்த வளையல். அடையாளத்துக்கு.

ரீச்சர் நிலத்தடி நீரைப் பற்றித் தொடங்கினார். எண்பது வயது இருக்கும் ஒரு அம்மாச்சி குறுக்கே வந்தார்.

"பிள்ளை, நிலத்துக்குக் கீழ தண்ணி இருக்கோ இல்லையோ எங்களுக்கென்ன? கிணறு ஆற்ர வளவுக்கை இருக்கு?"

பிறகு சொன்னார். சின்ன வயதில் குடத்தோடு ஒரு பெரிய வளவின் கிணற்றடிக்குப் போய்த் தள்ளி நிற்பாராம். துலாக் கயிற்றைத் தொடக்கூடாது. அந்த வீட்டில் யாராவது வந்து அள்ளி ஊற்றினால்தான் உண்டு. வெயில் ஏறும்வரை நின்ற நாளும் உண்டு, வெறுங்குடத்தோடு திரும்பிய நாளும் உண்டு. "இப்ப பவுசர்க்காரன் வருமட்டும் நிக்கிறம். நிக்கிறது நிண்டபடிதான்."

சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் வந்தது. பொதுக் கிணறு, தேநீர்க்கடை, கோயில் என்று சாதியைச் சொல்லித் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்து ஒன்பது வருடம் கழித்து, 1966 ஒக்டோபர் 21இல், சுன்னாகத்திலிருந்து ஊர்வலம் போக வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அம்மாச்சியின் புருஷன் அந்த ஊர்வலத்தில் போனவராம். பொலிஸ் அடித்த தழும்பு சாகும்வரை முதுகில் இருந்ததாம். அவர்களுடைய தலைவர்களில் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றம் போனார், நியமன உறுப்பினராக. வாக்குப் பெட்டி வழியாகப் போக அன்று வாசல் இருக்கவில்லை.

எங்கள் நோட்டீசில் சூழல் ஒரு பந்தி, சமூக நீதி இன்னொரு பந்தி. இரண்டுக்கும் நடுவில் ஒரு பூப்படம். அம்மாச்சியின் ஒரு கேள்வியில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. நிலத்தடி நீர் எல்லாருக்கும் பொது என்று ரீச்சர் வகுப்பில் படிப்பித்திருப்பார். நிலத்துக்கு மேலே வேலி இருக்கிறது. கிணற்றை ஆழமாக்கவும் பெரிய மோட்டர் போடவும் வசதி உள்ளவன் வளவுக்குள் நின்றபடி பக்கத்துக் காணியின் தண்ணீரையும் இறைக்கிறான். வளவு இல்லாதவன் தாங்கியடியில் நிற்கிறான். இதை முதல் நாளே எங்கள் பேச்சின் தலையாக வைத்திருக்கவேண்டும். கடைசிக் கிழமையில் கண்டுபிடித்தோம். அதையும் அம்மாச்சிதான் சொல்லித்தந்தார்.

திரும்பி வரும்போது ரீச்சர் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒன்றும் பேசவில்லை. கோண்டாவில் தாண்டியதும், "எங்கட வீட்டிலயும் அந்தக் கிணறு இருந்தது" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எண்ணும் மண்டபம்

யாழ். மத்திய கல்லூரியில் எண்ணினார்கள். மாவட்டத்தில் பதிவான வாக்காளர் 5,93,187. வாக்களித்தவர்கள் 3,58,079. அதில் நிராகரிக்கப்பட்டவை 32,767. இந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். ஒரு ஆசனம் பெற்ற அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசுக்குக் கிடைத்தது 27,986. இன்னொரு ஆசனம் பெற்ற சுயேச்சைக் குழு 17க்கு 27,855. நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஒரு கட்சியாக நின்றிருந்தால் மூன்றாம் இடத்துக்கு வந்திருக்கும். 44 பெயர்கள் வரிசையாக உள்ள நீட்டுச் சீட்டு, அதில் ஒரு புள்ளடி, கீழே மூன்று விருப்பு இலக்கம் வரை. எப்படிப் போடுவது என்று வீடு வீடாகக் காட்டிக்கொடுப்பது எந்தக் கொள்கை விளக்கத்தையும்விடப் பயன்பட்டிருக்கும்.

செல்லுபடியானவை 3,25,312. அதில் 5 வீதத்தைத் தொடாத பட்டியல் பங்கீட்டிலேயே சேராது. 1978 அரசியலமைப்பில் இந்த வெட்டுப்புள்ளி 12.5 வீதமாக இருந்தது. 1988இல் 15ஆம் திருத்தம் 5 ஆக்கியது. யாழ்ப்பாணத்தில் 5 வீதம் என்றால் 16,266 வாக்கு. முதலிடம் பெறும் பட்டியலுக்கு மேலதிகமாக ஓர் ஆசனம் முதலிலேயே போய்விடும். மிச்சம் ஐந்துதான் பங்குக்கு வரும். இதனால்தான் தேசிய மக்கள் சக்தி 80,830 வாக்கோடு, அதாவது 24.85 வீதத்தோடு, ஆறில் மூன்றை எடுத்தது. 63,327 வாக்கு எடுத்த தமிழரசுக் கட்சிக்கு ஒன்றுதான்.

சுயேச்சைக் குழு வெல்லவே முடியாது என்று எங்களில் சிலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். சுயேச்சைக் குழு 17 அந்த ஆறுதலையும் பறித்துவிட்டது. வைத்தியர் அருச்சுனா இராமநாதன் சாவகச்சேரி வைத்தியசாலைப் பிரச்சினையிலிருந்து கிளம்பி, ஊசிச் சின்னத்தில் நின்று உள்ளே போனார். அவருடைய பாணியைப் பற்றி எனக்குச் சொந்த அபிப்பிராயம் உண்டு, அது இருக்கட்டும். ஆனால் அவர் யாரோடு சண்டை என்பதை ஒளிக்கவில்லை. ஆட்களுக்கு அது விளங்கியது. எங்களிடம் யாரோடு சண்டை என்று கேட்டால் "எல்லாரும் சேர்ந்து" என்போம்.

1956இல் பொன். கந்தையா கம்யூனிஸ்ட் கட்சியில் பருத்தித்துறையை வென்றதை ரீச்சர் அடிக்கடி உதாரணம் காட்டுவார். அப்போது அது தனித் தொகுதி. ஒரு மனிதர் சைக்கிளில் சுற்றி முகம் காட்டக்கூடிய பரப்பு. இன்றைய தேர்தல் மாவட்டம் நெடுந்தீவிலிருந்து இரணைமடுக்கு அப்பால் வரை போகிறது. எங்கள் வாக்குகள் எங்கே விழுந்தன என்று பார்த்தால், ரீச்சர் படிப்பித்த பாடசாலையைச் சுற்றியும், சம்மாட்டியின் கரையிலும், கொஞ்சம் தாங்கியடி ஒழுங்கையிலும். மற்ற இடங்களில் தூறல்தான்.

அண்ணையின் ஊரில் எத்தனை என்று இங்கே எழுதமாட்டேன். அவர் வாசிப்பார்.

பிறகு

தேர்தல் செலவினச் சட்டப்படி முடிவு வந்து 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் கணக்குக் கொடுக்கவேண்டும். 2023இல் வந்த சட்டம். ஒன்பது பேரிடமும் பற்றுச்சீட்டு வாங்கப் போனதில்தான் எல்லாரையும் தோல்விக்குப் பிறகு மறுபடி கண்டேன். ஒலிபெருக்கி ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டு என்றதும் சிரித்தார். மிஞ்சிய நோட்டீசுகளின் பின்பக்கத்தில் ரீச்சரின் ரியூசன் பிள்ளைகள் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் கடைசியில் பெருமழை. வீதிகள் வெள்ளம், வயல்கள் வெள்ளம். மழை விட்ட பிறகு ஒருநாள் அண்ணை தொலைபேசி எடுத்தார். கணக்கில் கையெழுத்து வைக்கவேண்டும், தன்னால் வர ஏலாது, நாங்கள் வரலாம் என்றார். ரீச்சரும் வந்தார். கையெழுத்து முடிய, குளக்கட்டுக்குக் கூட்டிப்போனார். இரணைமடு நிரம்பிக் கிடந்தது. வான்கதவுகளுக்குள்ளால் தண்ணீர் சுண்டிக்குளம் பக்கம், கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் பேசுவதற்குக் கத்தவேண்டும்.

ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணைதான் தொடங்கினார்.

"இதைப் பாத்துத்தானே அந்த வரியை எழுதினனியள்?"

"ஓம்."

"அதை நீங்கள் எடுக்காமல் விட்டிருந்தாலும் நான் விலகித்தான் இருப்பன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா என்ர சனத்துக்கு நடுவில நிண்டு உங்களோட சண்டை பிடிச்சிட்டு விலகியிருப்பன். அப்ப அவங்களும் ஒருக்கா வாசிச்சிருப்பாங்கள்."

பிறகு, வந்ததுக்கு ஒரு மூடை அரிசி கொண்டுபோங்கோ என்று எங்களை வீட்டுக்குத் திருப்பினார். மோட்டார் சைக்கிளில் மூடையையும் ரீச்சரையும் எப்படி ஏற்றுவது என்பதே அன்று மிச்ச நேரப் பேச்சாக இருந்தது.